ஐந்தேகால் பவுன் எடையில் ஓர் அம்பு

காரைக்குடியில் நான் கட்டிக் கொடுத்த அம்பு ஒன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைக்காட்டில் ஒரு கடமானின் நெஞ்சுக்கூட்டில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறியிருக்கிறது. எய்தவர் மெல்போர்னில் இருக்கும் எங்கள் பங்காளி வீட்டு அண்ணன். மான் கண்ணெட்டும் தூரத்திலேயே சாய்ந்துவிட்டது. அம்பைத் தேடி எடுத்து, துடைத்து, ஒரு பலகை மேல் நிறுத்திச் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அழைத்தார். "தம்பி, ஆட்டமே இல்லப்பா" என்றார்.

அந்த அம்பு எப்படி உருவானது, எங்கே தடம் மாறியது, எவ்வளவு செலவானது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். நம் ஊரில் வில் பழகும் பிள்ளைகள் யாரும் வேட்டைக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு பார்ப்பது, எடை சேர்ப்பது, முனையை நேராக்குவது எல்லாம் இலக்குப் பலகைக்கு எய்கிறவருக்கும் அப்படியே பொருந்தும்.

நம் நாட்டில் கடமானை எய்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர்க்காரர்கள் நம் பக்கத்திலேயே, கொள்ளுக்குடிப்பட்டியில் இருக்கிறார்கள். விக்டோரியாவில் நிலைமை வேறு. கடமான் அந்த மண்ணின் விலங்கே இல்லை. 1860களில் ஆசியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோய் விடப்பட்டு, புலியும் செந்நாயும் இல்லாத காட்டில் பெருகிவிட்டது. அங்கே உரிமம் எடுத்து வேட்டையாடலாம். வில்லின் இழுவிசைக்கும் அம்பின் எடைக்கும் குறைந்தபட்ச அளவு விதியிலேயே உண்டு. நான் இங்கே எய்ததெல்லாம் ஃபோம் பலகையிலும் கசாப்புக் கடையில் வாங்கிய எலும்பிலும்தான்.

போன பருவத்தில் அண்ணன் எய்த அம்பு ஒரு பெரிய கிடாவின் முன்சப்பை எலும்பில் பட்டு, நான்கு விரல் ஆழம்கூடப் போகாமல் நின்றுவிட்டது. ரத்தத் தடம் கொஞ்ச தூரத்தில் அறுந்துபோனது. மறுநாளும் தேடினார், மான் கிடைக்கவில்லை. 250 கிலோவுக்கு மேல் போகிற விலங்கு, காயத்தோடு எங்கோ படுத்துக் கிடக்கும் என்ற நினைப்பு அவரை வாட்டிவிட்டது. பெரியவர்களின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது அந்த வகை அம்பில் இரண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இத வச்சு இனிமே நான் எய்ய மாட்டேன். நீ பாத்து ஒண்ணு செஞ்சு குடு. இல்லாட்டி விட்டுர்றேன்" என்றார்.

அந்தப் பழைய அம்பை எடை போட்டேன்: 27.6 கிராம். 400 ஸ்பைன் கார்பன் தண்டு, உள்ளே முனையைப் பிடிக்கிற மெல்லிய அலுமினிய இன்செர்ட், நுனியில் 125 கிரெயின் (8 கிராம் சொச்சம்) எடையில் பட்டதும் விரியும் வகை பிராட்ஹெட் (அலகு வைத்த வேட்டை முனை). விதிக்கு உட்பட்டதுதான். நேராக விலா இடுக்கில் பட்டால் வேலை செய்யும். எலும்பில் பட்டால், அலகு விரிவதற்கே அம்பின் வேகத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. மிச்சமிருக்கிற வேகத்தைத் தாங்கிப் போக முனைக்குப் பின்னால் எடையும் இல்லை, உறுதியும் இல்லை.

கனத்த அம்பு என்று முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. எட் ஆஷ்பி என்ற அமெரிக்கர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் பிறகு ஆஸ்திரேலியாவின் எருமைகளிலும் பல வருடம் அம்புகளைச் சோதித்து எழுதியிருக்கிறார். கனமான எலும்பைப் பிளக்க அம்பு மொத்தமாக 650 கிரெயினைத் தொட வேண்டும் என்பது அவர் கணக்கு. எல்லோரும் அந்த 650ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவருடைய பட்டியலில் முதலிடம் அம்பு உடையாமல் இருப்பதற்கு, இரண்டாமிடம் அம்பு ஆடாமல் நேராகப் பறப்பதற்கு. எடை அதற்கும் கீழேதான் வருகிறது. வேலையை முடித்த பிறகு இந்த வரிசை எவ்வளவு சரி என்று எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

கிரெயின் கணக்கு நமக்குப் பழக்கமில்லை. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். 650 கிரெயின் என்றால் 42 கிராம் சொச்சம். எடை பார்க்க நான் போனது தெரிந்த நகைப் பட்டறைக்கு. அங்கே இருக்கிற தராசு மில்லிகிராம் வரை காட்டும். ஆசாரி கணக்கைக் கேட்டுவிட்டு, "அஞ்சேகால் பவுனுன்னு சொல்லுங்களேன்" என்றார். அதிலிருந்து எனக்கும் பவுன் கணக்கே வசதியாகிவிட்டது. பழைய அம்பு மூன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றே முக்கால் பவுனுக்கு மேல் சேர்க்க வேண்டும், அதில் பெரும்பகுதி முன்பக்கம் போக வேண்டும்.

முன்பக்கம் எடை ஏறினால் தண்டு வளையும். நாண் பின்னால் தள்ளும்போது கனத்த நுனி நகர மறுக்கும், நடுத்தண்டு வில்லாக வளைந்து நிமிரும். அதனால் விறைப்பு கூடிய தண்டு வேண்டும். ஸ்பைன் எண் குறையக் குறைய விறைப்பு கூடும். கையில் 340 ஸ்பைன் தண்டுகள் சில இருந்தன. அவற்றிலேயே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். நியாயமான ஆசைதான், ஏனென்றால் நல்ல தண்டு டஜன் பத்தாயிரத்துக்கு மேல்.

ஸ்பைன் அளக்க ஒரு கருவி தேக்குப் பலகையில் செய்துகொண்டேன். இரண்டு தாங்கிகள், இடைவெளி 28 அங்குலம், அதாவது 711 மி.மீ. நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். ஒரு தகர டப்பாவில் மணல் போட்டு, கொக்கியோடு சேர்த்து அதே நகைப் பட்டறையில் 880க்குச் சரி செய்துகொண்டேன். தண்டு எவ்வளவு தொய்கிறது என்பதை டயல் கேஜில் படித்தால் ஸ்பைன் வந்துவிடும். 400 என்றால் 10.16 மி.மீ. தொய்வு, 340 என்றால் 8.64, 300 என்றால் 7.62, 250 என்றால் 6.35. தண்டைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி அளந்தால் ஒரே தண்டில் ஒரு பக்கம் விறைப்பாகவும் ஒரு பக்கம் இளக்கமாகவும் இருப்பது தெரியும். விறைப்பான பக்கத்தை வெள்ளிப் பேனாவால் குறித்து, எல்லா அம்பிலும் அது ஒரே திசையில் வரும்படி, பின்னால் நாணில் மாட்டுகிற 'நாக்' துண்டைத் திருப்பி வைத்தேன். அம்புகள் ஒன்றாகச் சேர்ந்து விழுவதற்கு இந்தச் சின்ன வேலை நிறைய உதவுகிறது.

340இல் முன்னால் 300 கிரெயின் ஏற்றி எய்து பார்த்தது தேறவில்லை. இரண்டாம் கட்டில் வெளிச்சம் நன்றாக விழும். அங்கே ஒரு படச்சட்டத்தில் செய்தித்தாளை இழுத்து ஒட்டி, எட்டடி தூரத்திலிருந்து எய்தேன், பின்னால் துணி அடைத்த சாக்கு. சட்டம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய கண்ணாடி போன சட்டம், இந்த வேலைக்கு அளவெடுத்தாற்போல இருந்தது. அம்பு நேராகப் போனால் தாளில் ஒரு துளையும் அதைச் சுற்றி இறகுக் கீறல்களும் மட்டும் விழும். எனக்கு விழுந்தது பக்கவாட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளமான கிழிசல். தண்டை ஒரு அங்குலம் குறைத்தேன். குறைந்தால் விறைப்பு கூடும். கிழிசல் சுருங்கியது, மறையவில்லை. இன்னும் குறைத்தால் பிராட்ஹெட்டின் அலகு கைக்குப் பக்கத்தில் வரும். அது கூடவே கூடாது. 340ஐ அதோடு விட்டுவிட்டு 250 ஸ்பைன் ஒரு டஜன் வரவழைத்தேன். முதல் அம்பிலேயே கிழிசல் கால் அங்குலத்துக்குள் வந்தது. மிச்சத்தை, வில்லில் அம்பு தங்குகிற ரெஸ்டை நகர்த்திச் சரி செய்தேன்.

தண்டு வெட்டுவதற்கு ஆக்சா பிளேடு ஆகவே ஆகாது. நார் பிரிந்துவிடும். கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போட்டு, தண்டைச் சுழற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள், முகத்துக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நீளம் 28 அங்குலம் வைத்தேன்.

வெட்டிய முனை செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால் சிலருக்கு அதிகமாகத் தோன்றும். ஆத்தங்குடியில் டைல் வார்க்கிற தெரிந்தவரிடம் தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். அதைவிடச் சமமான பரப்பு நம் ஊரில் கிடைப்பது கடினம். கண்ணாடியில் 400ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி அதைச் செங்குத்தாக நிறுத்தி, எதிரே ஒரு எல்-ஆங்கிளைக் கிடத்தி, அதன் பள்ளத்தில் தண்டை வைத்து உருட்டியபடி தாளில் தேய்த்தேன். தேய்ப்பதற்கு முன் வெட்டுமுகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட வேண்டும். கறுப்பு வட்டமாக, ஒரே சீராக மறைந்தால் முகம் சரியாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மறைந்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது.

அடுத்து இன்செர்ட். முனையின் மரையைப் பிடித்துக்கொள்ள தண்டுக்குள் ஒட்டுகிற துண்டு அது. கடையில் கிடைக்கிற அலுமினிய இன்செர்ட் ஒரு கிராம்தான் வரும். எனக்கு ஆறரை கிராம் வேண்டும், பித்தளை என்று முடிவு செய்தேன். 10 மி.மீ. பித்தளைக் கம்பி வாங்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். தண்டின் உள்விட்டம் 6.25 மி.மீ. உடலை 6.20க்குக் கடைந்து, நீளம் 27 மி.மீ., தலையில் ஒன்றரை மி.மீ. தடிமனில் 8.7 மி.மீ. விட்டத்துக்கு ஒரு வளையம், நடுவில் 12 மி.மீ. ஆழத்துக்குத் துளை. தராசில் 6.5 கிராமுக்கு ஒட்டி வந்தது.

மரைதான் இழுத்தடித்தது. பட்டறையில் இருந்த எம்4 டேப்பைப் போட்டார்கள். முனை இரண்டு சுற்றுப் போய்ச் சிக்கிக்கொண்டது. லேத் ஓட்டுகிற தம்பி உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மெட்ரிக் இல்ல, இஞ்சு மரை" என்றார். அவர் சொன்னது சரி. அம்பு முனைகளுக்கு உலகம் முழுக்க 8-32 என்ற மரைதான். விட்டம் 4.17 மி.மீ., ஒரு அங்குலத்துக்கு 32 சுற்று. எம்4 கண்ணுக்கு அதே போல இருக்கும், ஆனால் பொருந்தாது. காரைக்குடி ஹார்டுவேர் கடைகளில் அந்த டேப் இல்லை, சென்னையிலிருந்து வரவழைத்தோம். துளை 3.5 மி.மீ. டிரில். இன்னொன்றையும் அந்தத் தம்பியிடம் கற்றுக்கொண்டேன்: வெளிப்புறம் கடைவது, துளை போடுவது, மரை எடுப்பது மூன்றையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். கழற்றி மாட்டினால் மையம் விலகிவிடும். முதலில் செய்த சில துண்டுகளில் துளை மையத்தை விட்டு விலகியிருந்ததை அப்புறம் டயல் கேஜ் காட்டிக்கொடுத்தது.

தண்டின் வெளியே, முன்நுனியில் ஒரு அலுமினிய உறையும் போட நினைத்தேன். எலும்பில் மோதும்போது இன்செர்ட் பின்னோக்கி இடித்துத் தண்டைப் பிளக்கும். வெளியே ஒரு பூண் இருந்தால் பிளக்காது, உலக்கைக்குப் பூண் போடுகிற காரணம்தான். இதற்குக் குழாய் தேடி அலைய வேண்டியதில்லை. பயிற்சி மையங்களில் வளைந்துபோன பழைய அலுமினிய அம்புகள் மூலையில் கிடக்கும். அவற்றின் மேல் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வெளிவிட்டம், அங்குலத்தின் 64இல் எத்தனை பங்கு என்று. பின் இரண்டும் சுவரின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. என் தண்டின் வெளிவிட்டம் ஸ்க்ரூ கேஜில் 7.85 மி.மீ. 2114 என்ற அம்பின் உள்விட்டம் 7.62, உள்ளே போகாது. 2213க்கு 8.07, லொடலொடவென்று இருக்கும். 2216க்கு 7.92. பசைக்கு மட்டும் இடம் விட்டுக் கச்சிதமாக உட்கார்ந்தது. 30 மி.மீ. நீளத்தில் வெட்டினேன், ஒன்று 0.9 கிராம்.

ஒட்டுவதற்கு அரால்டைட், மெதுவாக இறுகுகிற வகை. ஒட்டுமுன் இன்செர்ட்டை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, தண்டின் உட்புறத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். ஒரு இரவு முழுக்க நிமிர்த்தி நிறுத்தி வைத்தேன்.

இப்போது முனை. அண்ணன் மெல்போர்னிலிருந்து கொண்டுவந்தது இரண்டு அலகு, அசையும் பாகம் எதுவும் இல்லாத எஃகு முனை. 200 கிரெயின், அதாவது 12.96 கிராம். ஒருபக்கச் சாணை வகை: ஒவ்வொரு அலகிலும் ஒரு பக்கம் மட்டும் சாய்வு, மறுபக்கம் தட்டை. இரண்டு அலகின் சாய்வும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் உள்ளே போகும்போது முனை சுழலும். எலும்பில் துளை போடுவதோடு நிற்காமல் அதைத் திருகிப் பிளக்கும். மூன்று அலகு முனையும் யோசித்தோம். அகலமாக வெட்டும், ஆனால் அதே வேகத்தில் ஆழம் குறைவு. கடமானின் சப்பையை மனதில் வைத்துப் பார்த்தால் இரண்டு அலகே போதும்.

முனையில் இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, ஊசி போன்ற நுனியை 2 மி.மீ. அளவுக்குத் தேய்த்து ஆப்பு வடிவமாக்கினோம். மெல்லிய நுனி எலும்பில் பட்டால் சுருண்டுகொள்ளும், சுருண்ட நுனி அதற்கப்புறம் வெட்டாது. இரண்டு, சாணைக் கோணத்தை 25 டிகிரியாக்கினோம். கோணம் பிடிக்கத் தேக்கில் ஒரு ஆப்பு செய்தேன்: அடி 10 செ.மீ., உயரம் 4.66 செ.மீ. அதன் மேல் முனையைக் கிடத்தித் தீட்டினால் கை தவறாது. 400, 1000, 3000 கல்லில் வரிசையாகத் தீட்டி, கடைசியாகச் சலூன் கடையில் பழைய கத்தி தீட்டுகிற தோல் வாரில் இழுத்தேன். தட்டைப் பக்கத்தில் பிசிறை எடுப்பதோடு சரி, வேறு எதுவும் செய்யக் கூடாது. லேசாக இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டில் அலகை வைத்தவுடன் அறுந்தால் கூர் போதும். அழுத்த வேண்டியிருந்தால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டும்.

நுனியைத் தேய்க்கும்போது ஒரு முனை நீலம் பாய்ந்துவிட்டது. பெஞ்ச் கிரைண்டரில் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே நடந்தது. எஃகு 300 டிகிரி செல்சியஸ் அருகே சூடேறினால் அந்த நீலம் வரும், வந்தால் அந்த இடத்தின் கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மற்றவற்றைத் தண்ணீரில் முக்கி முக்கி, கை அரத்திலும் கல்லிலுமே முடித்தோம். நீலம் பாய்ந்ததைத் தூக்கிப் போடாமல் சோதனைக்கு ஒதுக்கினேன்.

முனையை மாட்டியதும் சுழற்றிப் பார்க்க வேண்டும். நான்கு 608 பேரிங்கை ஜோடி ஜோடியாகப் பலகையில் பொருத்தி, அம்பை அதன் மேல் வைத்துச் சுழற்றி, முனையின் கழுத்தில் டயல் கேஜைத் தொடவிட்டேன். முதலில் 0.35 மி.மீ. வரை ஆடியவை இருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம். ஆனால் பிராட்ஹெட் காற்றில் ஒரு சின்னச் சிறகு மாதிரி, இந்த ஆட்டமே அம்பைத் திருப்பிவிடும். மையம் விலகிய இன்செர்ட்டுகளைச் சூடு காட்டி எடுத்துப் போட்டுவிட்டு, ஒரே பிடியில் கடைந்தவற்றை ஒட்டினேன். வெட்டுமுகங்களை மீண்டும் தேய்த்தேன். 0.1 மி.மீ.க்கு மேல் ஆடுகிற எதையும் சேர்க்கவில்லை. டஜனில் ஒன்பது தேறியது.

இறகு ஒட்டும்போது திசை பார்க்க வேண்டும். முனையின் சாணை வலப்பக்கம் என்றால் இறகும் வலச்சுற்றாக ஒட்ட வேண்டும். இறகைப் பிடித்து ஒட்டுவதற்கு என்னிடம் இருந்த கவ்வி இடச்சுற்று. அதில் ஒட்டினால் காற்றில் ஒரு திசையில் சுழன்று வந்த அம்பை, உடலுக்குள் முனை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும். அந்தச் சுழற்சியை நிறுத்துவதிலேயே வேகம் வீணாகும். வலச்சுற்றுக் கவ்வி வாங்கினேன். இறகு பிளாஸ்டிக்தான். பறவை இறகு அழகு, எடையும் குறைவு, ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள் இறகும் மரமும் கொண்டுபோவதற்கு உயிரிப் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம். மூங்கில் தண்டில் செய்து பார்க்கும் ஆசையையும் அதே காரணத்தால் விட்டேன்.

முழு அம்பு 42.0 கிராம். முன்பக்கச் சாய்வு, எஃப்.ஓ.சி. என்பார்கள், சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்ற கணக்கு. அதற்கு அம்பை விரல் மேல் நிறுத்தி, அது சமநிலையில் நிற்கிற இடத்தை நாக் துண்டின் பள்ளத்திலிருந்து அளக்க வேண்டும். 51.8 செ.மீ. வந்தது. தண்டின் நீளம் 71.1, பாதி 35.55. வித்தியாசம் 16.25. அதை நீளத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 23 சதவீதம். பழைய அம்பில் இது 14.

தோப்பில், செம்புறாங்கல் சுவரை ஒட்டி மண்மேடு போட்டு, அதன் முன் ஃபோம் பலகை வைத்து எய்தோம். என் காம்பவுண்டு வில்லின் இழுவிசை 58 பவுண்டு, அண்ணனுடையது 60, இழுப்பு நீளமும் அரை அங்குலம்தான் வித்தியாசம், அதனால் என் வில் போதுமானதாக இருந்தது. 30 மீட்டரில் புது அம்பு பழையதைவிட ஒரு அடி கீழே விழுகிறது. குறிபார்க்கிற சைட்டைப் புதிதாகக் குறிக்க வேண்டும், தூரம் தப்பாகக் கணித்தால் பிழையும் பெரிதாகும். அண்ணன் 25 மீட்டருக்கு மேல் எய்வதில்லை என்பதால் இதை ஏற்றுக்கொண்டோம். 18 மீட்டரில் சாதா முனையும் பிராட்ஹெட்டும் முதலில் ஒரு சாண் விலகி விழுந்தன. ரெஸ்டை அரை மி.மீ. அளவில் நகர்த்தி நகர்த்தி, இரண்டும் ஒரே உள்ளங்கைக்குள் விழும்வரை கொண்டுவந்தோம்.

பிறகு எலும்பு. மாட்டின் முன்சப்பை எலும்பு, அன்றைக்கு வெட்டியது, கசாப்புக் கடையிலிருந்து நேராகத் தோப்புக்கு. வீட்டுப் படியேற ஆத்தா விடமாட்டார்கள். ஃபோம் பலகையின் முன்னால் கட்டி 18 மீட்டரிலிருந்து எய்தோம். பழைய அம்பில் ஒரு அலகு முறிந்தது, இன்செர்ட்டுக்குப் பின்னால் தண்டு நெடுக்கில் பிளந்தது, எலும்பில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். போன பருவத்தில் காட்டில் நடந்தது இதுவேதான் என்று அண்ணனுக்கு உடனே புரிந்தது. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

புது அம்பு எலும்பைப் பிளந்துகொண்டு ஃபோமில் ஒரு சாணுக்கு மேல் இறங்கியது. நீலம் பாய்ந்த முனை எலும்பைத் தாண்டியது, ஆனால் நுனி மடங்கிவிட்டது. மற்றவை மடங்கவில்லை. எல்லாம் சரி என்று நினைக்கும்போது, எலும்பின் தடித்த முகட்டில் பட்ட ஒரு அம்பு உறை முடிகிற இடத்தில் நறுக்கென்று முறிந்தது. இன்செர்ட் 27, உறை 30 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் முடிகின்றன. விறைப்பான பகுதி சட்டென்று முடிந்து வெறும் தண்டு தொடங்குகிற அந்தக் கோட்டில் வளைவு முழுக்கக் குவிந்துவிட்டது. உறையை 45 மி.மீ. ஆக்கி, அதன் பின்விளிம்பை அரத்தால் சாய்வாகத் தேய்த்தேன். அம்புக்கு அரை கிராம்கூடக் கூடவில்லை. அதே முகட்டில் திரும்ப எய்து பார்த்ததில் முறிவு இல்லை.

வேட்டை அம்பு என்றால் எல்லோரும் முனையைத்தான் பேசுகிறார்கள். எந்த நிறுவனம், எத்தனை அலகு, என்ன எஃகு என்று. நான் பார்த்த முறிவுகளில் ஒரு முனையின் நுனியையும் பழைய அம்பின் ஓர் அலகையும் தவிர மற்றதெல்லாம் முனைக்குப் பின்னால் இரண்டு அங்குலத்துக்குள் நடந்தவை. அந்த இரண்டு அங்குலத்தைச் சரியாகக் கட்டாமல் எவ்வளவு விலை கொடுத்து முனை வாங்கினாலும் விலங்குக்குத்தான் துன்பம்.

செலவு: 250 ஸ்பைன் தண்டு ஒரு டஜன் 11,500 ரூபாய். பித்தளையும் லேத் கூலியும் வீணானவை உட்பட 1,400. டேப்பும் டிரில்லும் 620. வலச்சுற்றுக் கவ்வி 2,300. இறகு, நாக், அரால்டைட், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 1,900 அளவில். ஃபோம் பலகை 2,800. அலுமினிய உறைக்குச் செலவில்லை. முனைகள் அண்ணன் கணக்கு, மூன்று முனைக்கு நூறு ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார். டயல் கேஜும் ஸ்க்ரூ கேஜும் முன்பே இருந்தன. இல்லாதவர்கள் அதற்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்புகளை முனை கழற்றி, பெட்டியில் போட்டுச் செக்-இன் சாமானில் கொண்டுபோனார். அங்கே அவர் வில்லில் காகித சோதனையைத் திரும்பச் செய்தோம், வீடியோ அழைப்பில் நான் கிழிசலைப் பார்த்துச் சொல்ல, அவர் ரெஸ்டை நகர்த்தினார். இந்த வேலையைத் தாண்டக் கூடாது. ஒரு வில்லுக்குச் சரியான அம்பு இன்னொரு வில்லுக்கு அப்படியே சரியாக இருக்காது.

அடுத்த டஜனில் மாற்றப் போவது: இன்செர்ட்டின் பின்முனையை வெட்டாக முடிக்காமல் கடைசி 8 மி.மீ.ஐக் கூம்பாகக் கடையச் சொல்வேன், வளைவு இன்னும் படிப்படியாக இறங்கும். அதனால் குறைகிற எடைக்கு உடலை 31 மி.மீ. வரை நீட்ட வேண்டும், உறையையும் அதற்கேற்ப 50க்கு. வெட்டும் முன்பே எல்லாத் தண்டையும் சுழற்றிப் பார்த்து, ஆட்டம் அதிகமான நுனி எதுவோ அந்தப் பக்கமாக நீளத்தைக் குறைப்பேன். இந்த முறை எல்லாவற்றையும் ஒரே பக்கம் வெட்டியதில் மூன்று தண்டு தேறாமல் போனது. பெஞ்ச் கிரைண்டர் பக்கமே முனையைக் கொண்டுபோவதில்லை. லேத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், 8-32 டேப்பை அவர் பட்டறையிலேயே ஒரு டப்பாவில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்.